கண் பூத்த கதை

மாமாவின் வலது கண் சிவந்தபோது, அது என்ன நோய் என்று தெரியாதவர் எங்கள் வட்டாரத்திலேயே மாமா ஒருவர்தான். மற்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவர் வேலை பார்க்கும் சோபாக் கடையின் முதலாளி, குடி என்றார். என் அம்மா தொலைபேசியிலேயே பரிசோதித்து, படுத்துக்கொண்டு செல்போன் பார்த்ததால் வந்தது என்று முடித்தாள். மாடி வீட்டுக்காரர் ஒட்டுவாரொட்டி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, படிக்கட்டில் மாமா எதிரே வந்தால் சுவரைப் பார்த்தபடியே இறங்கினார். கண்ணோடு கண் பார்த்தால் தொற்றிக்கொள்ளுமாம். மருந்துக்கடைக்காரர் மட்டும் எந்த நோயின் பெயரும் சொல்லவில்லை. மாமா “கண்ணு…” என்று ஆரம்பித்ததுமே, செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் ஒரு சொட்டு மருந்துப் புட்டியை மேஜைமேல் வைத்தார்.

அந்த மருந்தை மாமா பக்தியோடு போட்டார். கண் இன்னும் சிவந்தது. பகல் வெளிச்சத்தில் ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டுதான் நடந்தார். கடைக்கு வந்த ஒரு அம்மாள், இவர் அழுகிறார் என்று நினைத்து, பேரம் பேசாமலே ஒரு சோபாவை வாங்கிப் போனாள். நோய்க்கு இப்படி ஒரு பலனும் இருப்பதைக் கண்ட முதலாளி, மாமா லீவு கேட்டபோது தயங்கினார்.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவரை யாரும் பார்க்க மாட்டார்கள். சோபா விற்பவனின் தலையெழுத்து அது. வருகிறவர்கள் சோபாவைப் பார்ப்பார்கள், விலைச் சீட்டைப் பார்ப்பார்கள், மாமாவிடம் பேசும்போதும் சோபாவின் கைப்பிடியைப் பார்த்தே பேசுவார்கள். ஒருமுறை ஒருவர் தன் கைப்பையை மாமாவின் தோளில் மாட்டிவிட்டு, மெத்தையில் குதித்துப் பார்த்துவிட்டு, அப்படியே மறந்து போய்விட்டார். அவருடைய சொந்தக் கல்யாணப் போட்டோவில்கூட போட்டோக்காரர், “சார், நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க, மாப்பிள்ளை வரட்டும்” என்றாராம். இதை அத்தை எல்லோரிடமும் சொல்லுவாள். மாமா இல்லாதபோது சொன்னால் சுவாரசியம் இல்லை என்பதால், அவர் இருக்கும்போதுதான் சொல்லுவாள்.

அத்தைக்கு ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை. பல் பிடுங்க வந்துவிட்டு, செருப்பைத் தேடுவதுபோல் நைசாக வாசல் பக்கம் நழுவுகிறவர்களை, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் குரலாலேயே திரும்ப உட்கார வைப்பது அவள் தொழில். அவள்தான் கடைசியில் சொன்னாள்.

“டேய், மாமாவைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வா.”

“எனக்குக் காலேஜ் இருக்கு அத்தை.”

“இலக்கியம்தானே? அது எங்க போயிடப் போகுது?”

நான் அவர்கள் வீட்டில் தங்கித்தான் படித்தேன். சோறு போடுகிறவர்கள் இலக்கியத்தைப் பற்றிச் சொல்வதை மறுத்துப் பேசுவது மரியாதை இல்லை. போனேன்.

அது மருத்துவக் கல்லூரியோடு ஒட்டிய ஆஸ்பத்திரி. இருட்டறையில், மோவாயை ஒரு தட்டில் வைத்து நெற்றியைப் பட்டையில் அழுத்திக்கொண்டு மாமா உட்கார்ந்தார். எதிரே இயந்திரத்தின் மறுபக்கம் மேற்படிப்புப் படிக்கும் இளம்பெண் ஒருவர். எல்லாரும் அவரைச் சின்ன டாக்டர் என்றார்கள்.

“பீளை கட்டுதா சார்?”

“இல்ல பாப்பா.”

“கூசுதா?”

“கூசுதாவா? டியூப்லைட்டைப் பார்த்தா யாரோ கண்ணுக்குள்ள திருப்புளியை விட்டுத் திருகற மாதிரி இருக்கு. பொட்டு வரைக்கும் இழுக்குது.”

“முதுகு வலி, மூட்டு வலி?”

“சோபா நகர்த்தறவனுக்கு முதுகு வலிக்காம மூக்கா வலிக்கும்?”

சின்ன டாக்டர் சிரிக்கவில்லை. நீளமான ஒரு வெளிச்சக் கீற்றைக் கண்ணின் குறுக்கே ஓட்டினார். “இது ஒட்டற கண்ணுவலி இல்ல. பீளை இல்ல. சிவப்பும் ஓரத்துல இல்லாம கருமுழியைச் சுத்தி வளையமா இருக்கு. நோய் கண்ணுக்கு உள்ள. ஜன்னல் வழியா வெயில் விழுந்தா அதுல தூசி பறக்கும் பாருங்க, அந்த மாதிரி உள்ள அணுக்கள் மிதக்குது. கருமுழியோட பின்பக்கம் கொழுப்புச் சொட்டு மாதிரி படிஞ்சிருக்கு. பாப்பா வேற சுருங்கி, பின்னாடி ஒட்டிக்கிட்டிருக்கு.”

மாமா மோவாயை எடுத்துவிட்டுத் திரும்பிப் பின்னால் பார்த்தார். “யார் பாப்பா?”

“உங்க கண்ணு பாப்பா சார். நடுவுல இருக்கற ஓட்டை.”

அதற்குப் பிறகு மாமா அவரைப் பாப்பா என்று கூப்பிடவில்லை. டாக்டரம்மா ஆக்கிவிட்டார்.

இரண்டு மருந்துகள். வெள்ளை மூடி போட்டது கொதிப்பை அடக்க, மணிக்கொரு தரம். சிவப்பு மூடி போட்டது பாப்பாவைத் திறக்க. “அதைத் திறந்து வச்சாத்தான் ஒட்டினது விட்டு வரும். இப்ப விட்டா லேசா வந்துடும். நாளாக ஆக இறுகிப் போயிடும். சுத்தி முழுக்க ஒட்டிக்கிச்சுன்னா உள்ள ஊறுற தண்ணி வெளிய வர வழியில்லாம அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினா நரம்பு போயிடும். போன நரம்பு வராது.” ரத்தம், நெஞ்சுப் படம், முதுகுப் படம் எல்லாம் எடுக்கச் சொன்னார். காரணம் தெரிந்தாலும் தெரியலாம், நிறையப் பேருக்குக் கடைசிவரை தெரிவதில்லை என்றார்.

“காரணமே தெரியாத நோயா?” என்று மாமா கேட்ட தொனியில் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்ததை நான் அப்போதே கவனித்தேன்.

சுவரிலிருந்த பலகையைப் படிக்கச் சொன்னார்கள். சிவந்த கண்ணால் கடைசிக்கு முந்தின வரி வரை மாமா தடுமாறாமல் படித்தார். பிறகு சிவப்பு மூடி மருந்தில் ஒரு சொட்டு விட்டு, வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். திரும்ப அழைத்தபோது பாப்பா திறந்திருந்தது. ஒட்டாத இடங்களில் விரிந்தும், ஒட்டின இடங்களில் பிடித்து இழுத்தும், சிறுபிள்ளை வரைந்த பூ மாதிரி.

அந்த நேரம் பார்த்துத் துறைத்தலைவர் உள்ளே வந்தார். மனிதர்களைப் பகுதி பகுதியாக மட்டும் அறிந்த அறிஞர் அவர். ‘அந்த ரெண்டாவது பெட் புரை’, ‘நேத்து வந்த அழுத்தம்’ என்றுதான் நோயாளிகளைக் குறிப்பிடுவார். முழு ஆளாக யாரையும் அவர் விசாரித்ததாகத் தகவல் இல்லை. இயந்திரத்தில் குனிந்து பார்த்தார்.

“ஆஹா,” என்றார். “என்ன அழகு!”

மாமா மோவாயைத் தட்டில் இன்னும் நன்றாகப் பதித்துக்கொண்டார்.

“இதழ் இதழா எவ்வளவு தெளிவா இருக்கு பாரும்மா. இந்த மாதிரி அழகான கேஸ் பார்த்து எவ்வளவு காலமாச்சு! அடுத்த வாரம் பசங்களுக்குச் செய்முறைப் பரீட்சை. வெளியூர்லேருந்து தேர்வாளர் வர்றார். கடைசி கேஸா இதை வை. சிவப்பு மூடி இப்ப வேண்டாம்.”

“சார், திறந்தே வச்சா ரெண்டு மூணு நாள்ல வட்டமா…”

“அதைத்தான் வேண்டாங்கறேன். வட்டமா இருக்கற கண்ணை வச்சு நான் என்ன கேள்வி கேக்கறது? பரீட்சையன்னைக்குக் காலையில ஒரு சொட்டு விட்டா இதே மாதிரி பூத்துடும். நாலஞ்சு நாள்ல என்ன குடி முழுகிடப் போகுது? பெரியவரே, வருவீங்கல்ல?”

பெரியவரே என்றதை வேறு யார் சொல்லியிருந்தாலும் மாமா அன்றைக்கே முடிக்குச் சாயம் அடித்திருப்பார். “கண்டிப்பா சார்” என்றார், நெற்றிப் பட்டையிலிருந்து நெற்றியை எடுக்காமல்.

நாங்கள் வெளியே வந்தபோது சின்ன டாக்டர் பின்னாலேயே வந்து என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். “வீட்ல இவர் யார் பேச்சைக் கேப்பார்?”

“யார் பேச்சையும் கேக்க மாட்டார். ஆனா அத்தைக்குப் பயப்படுவார்.”

“அது போதும். சிவப்பு மூடியை நிறுத்த வேண்டாம்னு அவங்ககிட்டச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு வெளிய சொல்ல வேண்டாம்.” அவருக்கும் அதே தலைவரிடம்தான் பரீட்சை இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமா செருப்பைக் கழற்றுவதற்கு முன் விஷயத்தைச் சொன்னார்.

“அழகாம்!”

“எது?” என்றாள் அத்தை.

“என் கண்ணு. பெரிய டாக்டரே சொன்னார்.”

“அவர் அவரோட கண்ணை யார்கிட்டக் காட்டறாராம்?”

“கிண்டல் பண்ணாதே. உள்ள பூ மாதிரி இருக்காம். கொழுப்புக்கூடப் படிஞ்சிருக்காம்.”

“அது தெருவுக்கே தெரியுமே. அதுக்கா மிஷின் வச்சுப் பார்த்தாங்க?”

நான் அத்தையிடம் தனியாகச் சின்ன டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அத்தை கைகழுவிக்கொண்டு, சிவப்பு மூடியைத் திறந்தாள். அன்றைக்குத் தொடங்கியது யுத்தம்.

மாமாவுக்கு யுத்த அனுபவம் இல்லை. ஆனாலும் நன்றாகவே சண்டை போட்டார். குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டுத் திரிந்தார். அத்தை அவரைச் சோபாவில் சாய்த்து மடக்கியபோது இமையை இறுக்கிக்கொண்டார். அத்தை என்ன அழுத்தியும் ரப்பை அசையவில்லை. சொட்டு கன்னத்தில் வழிந்து காதுக்குப் போனது.

“வாய்னா மூக்கைப் பிடிச்சாத் திறந்துடும்,” என்று அத்தை மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். “கண்ணுக்கு எதைடா பிடிக்கிறது?”

“அத்தை, காது?”

“போடா இலக்கியம்.”

மறுநாள் சிவப்பு மூடிப் புட்டியைக் காணோம். கழுவும் தொட்டியில் வெறும் புட்டி கிடந்தது. இதோடு மாமா நின்றிருந்தால் அவர் வெறும் முட்டாள் என்று விட்டுவிடலாம். அவர் அதற்கு மேலும் யோசித்தார். வெள்ளை மூடி மருந்து போட்டதில் சிவப்பு கொஞ்சம் தணிந்திருந்தது. கண்ணாடி முன் நின்று ரப்பையை இழுத்துப் பார்த்தார். கலர் மங்குகிறதே என்று கவலைப்பட்டார். கடையில் காட்சிக்கு வைத்த சோபாவை யாராவது துடைத்துத் துடைத்துப் பளபளப்பைப் போக்கினால் அவருக்கு இதே கவலைதான் வரும்.

“மாப்ள, இந்த வெள்ளை மூடியும் கேஸைக் கெடுக்குதுடா.”

“மாமா, அது மருந்து. கெடுக்கறதுதான் அதோட வேலை.”

“நீ சின்னப் பையன். உனக்குப் புரியாது. அவங்க தேர்வாளர் முன்னாடி அவமானப்படக் கூடாது பாரு.”

ஆக, ஒரு துறைத்தலைவரின் மானத்தைக் காப்பாற்றும் பொருட்டு மாமா இரண்டு மருந்தையும் நிறுத்தினார். துறைத்தலைவர் ஒன்றைத்தான் நிறுத்தச் சொல்லியிருந்தார். மற்றது மாமாவின் சொந்த நன்கொடை.

பரீட்சைக்கு முன்பே மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து அவரைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். பரீட்சையில் என்ன கேஸ் வைக்கப் போகிறார்கள் என்பது ரகசியம். மாணவர்களுக்கு அது எப்படித் தெரிந்தது என்பது ரகசியம் இல்லை; ரத்தப் பரிசோதனை முடிவு வாங்கப் போன மாமா, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அவராகவே சொன்னார்.

“தம்பி, இங்க வா. பரீட்சையில நான்தான். பாப்பா பூ மாதிரி. அதைச் சொல்லு, முழு மார்க்கு.”

“தேங்க்ஸ் அங்கிள்! நீங்க சூப்பர் கேஸ் அங்கிள்!”

சூப்பர் கேஸ் வீட்டுக்கு வந்து, கடைக்குப் போன் போட்டார். “முதலாளி, எனக்கு லீவு வேணும். பரீட்சை இருக்கு.” முதலாளி, இந்த வயசில் என்ன பரீட்சை என்று கேட்டிருக்க வேண்டும். “எனக்கில்ல முதலாளி, என் கண்ணுக்கு” என்றார் மாமா. குடிதான் என்ற தன் பழைய முடிவை முதலாளி அன்றைக்கு உறுதிப்படுத்திக்கொண்டார்.

பரீட்சைக்கு முதல் நாள் சாயந்திரம் கூடத்தில் விளக்குப் போட்டபோது மாமா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். “பல்பைச் சுத்தி வானவில் மாதிரி கலர் கலரா வளையம் தெரியுது மாப்ள. ஜோரா இருக்கு.” ஒரு கை நெற்றிப் பொட்டை அழுத்திக்கொண்டிருந்தது.

“தலை வலிக்குதா?” என்றாள் அத்தை.

“இல்லை.”

“பின்ன ஏன் மண்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க? இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்க.”

“நாளைக்குத்தானே போறோம்!” என்றார் மாமா, அதைவிடத் தெளிவான பதில் உலகத்தில் இல்லாததுபோல.

காலையில் புதுச் சட்டை. போகிற வழியில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, சட்டையில் படாமல் மிகவும் ஜாக்கிரதையாக வாந்தி எடுத்தார். புகை ஒத்துக்கொள்ளவில்லை என்றார். ஆட்டோக்காரர் தன் வண்டி மின்சாரத்தில் ஓடுவதாகச் சொன்னார். ஆஸ்பத்திரிப் படியில் மாமாவுக்குக் கால் இடறியதால், பரீட்சை அறையில் பக்கத்தில் நிற்க என்னையும் விட்டார்கள். சின்ன டாக்டரை வேறு மாடியில் வேலைக்குப் போட்டிருந்தார்கள். ஓர் உதவியாளர் வந்து சிவப்பு மூடி மருந்தில் ஒரு சொட்டு விட்டார். திரும்ப வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். இன்னொரு சொட்டு விட்டார். தலையைச் சொறிந்துகொண்டு போனார். அதற்குள் தேர்வாளர் வந்துவிட்டார், டீயும் வந்துவிட்டது. பூ வந்ததா என்று பார்க்கத் துறைத்தலைவருக்கு நேரம் வரவில்லை.

முதல் மாணவன் வந்தான். இயந்திரத்தில் கண்ணை வைத்தான், எடுத்தான். உள்ளே பார்த்த நேரத்தைவிட உட்கார்ந்து எழுந்த நேரம் அதிகம்.

“சார், கருமுழியைச் சுற்றிச் சிவப்பு, பின்பக்கம் கொழுப்புப் படிவுகள், பாப்பா பூ வடிவத்தில் இருக்கிறது சார்.”

“எத்தனை இதழ்?” என்றார் தேர்வாளர், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

“ஆறு சார்!”

“குட்.”

இரண்டாவது மாணவி ஏழு இதழ் பார்த்தாள். அவளுக்கும் குட். மாமாவின் முகத்தில் வேர்வை வழிந்தது. என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவர் கை ஜில்லென்று இருந்தது. “மாமா, சொல்லிடலாமா?” என்றேன் காதுக்குள். “வாயை மூடு,” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. “ரெண்டு பேரும் கரெக்டாச் சொன்னாங்க.”

மூன்றாவது பையன் ஒல்லியாக, பார்த்தாலே தேறாது என்று தோன்றும்படி இருந்தான். வெகுநேரம் பார்த்தான். வெளிச்சத்தைக் கூட்டினான், குறைத்தான்.

“சார், எனக்குப் பூ தெரியலை சார்.”

“நல்லாக் கண்ணைத் திறந்து பாரு!” என்றார் துறைத்தலைவர்.

“பார்த்தேன் சார். பாப்பா திறக்கவே இல்லை. ஊசி குத்தின மாதிரி இருக்கு. சுத்தி இருக்கறது முன்னாடி உப்பிக்கிட்டு வருது சார்.”

அதற்கு மேல் அவன் என்ன சொல்லுவதென்று தெரியாமல் நின்றான். அன்று அந்த அறையில் மாமாவின் கண்ணைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். பிற்பாடு அவனுக்கு மார்க்கு குறைந்தது என்று கேள்விப்பட்டேன். பதிலில் தன்னம்பிக்கை இல்லையாம்.

தேர்வாளர் அலுப்போடு எழுந்துவந்து குனிந்தார். “எங்கேங்க பூ?” என்றார். துறைத்தலைவர் பார்த்தார். வெளிச்சத்தைக் கூட்டி மறுபடி பார்த்தார். அப்போது மாமா, மோவாய்த் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, புதுச் சட்டை முழுக்க வாந்தி எடுத்தார்.

யார் கூப்பிட்டார்களோ, சின்ன டாக்டர் ஓடிவந்தார். மூடிய இமைமேல் இரண்டு விரலை வைத்து அழுத்தினார். “கல்லு மாதிரி இருக்கு. சக்கர நாற்காலி எடுங்க!” நான் ஓடினேன். திரும்பி வந்தபோது தேர்வாளர் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

“இது அதைவிட நல்ல கேஸாச்சே! முழு வளையமும் ஒட்டி, உப்பி வந்து… புத்தகத்துலதான் பார்க்கணும். கொண்டுபோறதுக்கு முன்னாடி அடுத்த பையன் ஒரு நிமிஷம் பார்த்துக்கட்டும்.”

சின்ன டாக்டர் தேர்வாளரின் காலில் நாற்காலிச் சக்கரம் ஏறியதைக் கவனிக்காதவர்போல் தள்ளிக்கொண்டு போனார். கவனித்தார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஊசி, மாத்திரை, லேசர் வைத்து உள்ளே ஒரு சின்னத் துளை. சாயந்திரத்துக்குள் வலி இறங்கிவிட்டது. அத்தை வேலையிலிருந்து நேராக வார்டுக்கு வந்தாள். மாமா கட்டிலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார்.

“பூத்துச்சா?” என்று என்னிடம் கேட்டாள்.

“பூக்கலை அத்தை.”

“கண்ணு பூத்துப் போச்சுன்னு சொல்லு.”

சில நாட்கள் கழித்து மறுபடி பலகை. இடது கண்ணை மூடிக்கொண்டு மாமா சுவரைப் பார்த்தார். “பலகையை மாட்டலையா?” என்றார். மாட்டியிருந்தது. கிட்டத்தில் விரலைக் காட்டினால் எத்தனை என்று சொன்னார், அதுவும் யோசித்து. துறைத்தலைவர் அவர் தோளில் தட்டினார். “வலி போச்சா? சிவப்பு போச்சா? கண் ரொம்ப அமைதியாயிடுச்சு பெரியவரே. நல்ல முடிவு.”

“பார்வை சார்?”

“பார்வை வேற விஷயம்,” என்றார் கண் டாக்டர்.

வீட்டில் கொஞ்ச காலம் யாரும் யாரையும் கிண்டல் செய்யவில்லை. மாமா தம்ளரை மேஜையின் ஓரத்துக்கு வெளியே வைத்து உடைப்பார், அத்தை பேசாமல் பெருக்குவாள். கடையில் படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடினார். ஒரு மத்தியானம் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அத்தையின் முகத்துக்கு நேரே நின்றார். “நீ சிரிக்கறியா, முறைக்கறியா?” என்று கேட்டார். “முறைக்கறேன்,” என்றாள் அத்தை. அப்போது அவள் முறைக்கவில்லை.

பிறகு ஒரு நாள் காலை, இடது கண் சிவந்தது.

அத்தை பல் டாக்டருக்கு லீவு சொன்னாள். மூன்று பேருமாகப் போனோம். இருட்டறையில் சின்ன டாக்டர் பார்த்தார். அதே வளையச் சிவப்பு, அதே தூசி. ஒட்ட ஆரம்பித்திருக்கிறது, இன்னும் லேசாகத்தான் இருக்கிறது என்றார். சிவப்பு மூடியை எடுக்கக் கை நீட்டும்போது கதவு திறந்தது. துறைத்தலைவருக்கு அழகின் வாசனை எப்படியோ தெரிந்துவிடுகிறது.

குனிந்து பார்த்தார். “ஆஹா. இதுவும் ஆரம்பிச்சிருக்கே! ஏம்மா, அவசரப்படாதே. வர்ற வாரம் இங்க மாநாடு. பெரிய பெரிய ஆட்கள் வர்றாங்க. ஒரு பக்கம் முடிஞ்சுபோன கண்ணு, இன்னொரு பக்கம் பூக்கற கண்ணு, ஒரே ஆள்கிட்ட! மேடையிலேயே திரையில பெருசாப் போட்டுக் காட்டலாம்.”

நான் மாமாவைப் பார்த்தேன். பயந்து, உதடு வெளுத்து உட்கார்ந்திருந்த அந்த மனிதரின் முதுகு, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது.

“திரையிலயா?” என்றார். “எவ்வளவு பெருசு சார்?”

மனித குலத்தின் மேல் எனக்கு எப்போதுமே பெரிய அபிப்பிராயம் கிடையாது. இருந்த கொஞ்சமும் அந்த நிமிஷத்தில் போனது.

அத்தை மட்டும் பதறவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சின்ன டாக்டரைப் பார்த்தாள். சின்ன டாக்டர் துறைத்தலைவரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே, கையிலிருந்த சிவப்பு மூடிப் புட்டியைத் திறந்து அத்தையின் உள்ளங்கையில் வைத்தார். மாமா அதைக் கண்டுவிட்டார். இமை இறுகியது.

“என்னங்க,” என்றாள் அத்தை, இதுவரை நான் கேட்டிராத இனிப்போடு. “மாநாட்டுக்குப் போட்டோ எடுக்கறாங்களாம். கொஞ்சம் மேல பாருங்க.”

மாமா முகத்தை நிமிர்த்தி, லேசாகச் சிரித்து, கண்ணை எவ்வளவு அகலமாகத் திறக்க முடியுமோ அவ்வளவு அகலமாகத் திறந்தார்.

சொட்டு நடுக்கண்ணில் விழுந்தது. அவர் ஐயோ என்பதற்குள் இரண்டாவதும் விழுந்தது.

“அம்மா, என்ன பண்றீங்க!” என்றார் துறைத்தலைவர். “கேஸ் போச்சே!”

“உட்காருங்க சார்,” என்றாள் அத்தை, வாசல் பக்கம் நழுவுகிறவர்களுக்கென்று வைத்திருக்கும் குரலில். துறைத்தலைவர் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகுதான் ஏன் உட்கார்ந்தோம் என்று யோசித்ததுபோல் தெரிந்தது.

அதன் பின் வீட்டில் சட்டம் ஒழுங்கு அத்தை கையில். மணிக்கொரு தரம் வெள்ளை மூடி. அத்தை வேலைக்குப் போகும் நேரங்களில் அந்த அதிகாரம் எனக்கு. கண்ணுக்கு எதைப் பிடிப்பது என்பது தெரிந்துவிட்டதால் சிரமமே இல்லை. “மாமா, யாரோ உங்களையே பார்க்கறாங்க” என்றால் போதும். கடைசிவரை ஒவ்வொரு முறையும் ஏமாந்தார்.

மருந்தெல்லாம் படிப்படியாகக் குறைத்து நிறுத்திய பிறகு பரிசோதனைக்குப் போனோம். துறைத்தலைவர் வழக்கம்போல் ஆவலோடு குனிந்தார். பாப்பா முழு வட்டம். தூசி இல்லை. கண் லென்ஸின் மேல், ஒட்டியிருந்து விலகின இடத்தில் மிளகுப்பொடி தூவினதுபோல் சில புள்ளிகள் மட்டும். பலகையில் கடைசி வரியை மாமா, அதன் கீழே இருந்த அச்சகத்தின் பெயர் உட்பட, படித்துவிட்டார்.

“இதுல ஒண்ணுமே இல்லையே,” என்றார் துறைத்தலைவர். “சாதாரணக் கண்ணு.” அடுத்த கண்ணைக் கூப்பிடச் சொன்னார்.

பேருந்து நிறுத்தத்தில் மாமா உர்ரென்று நின்றார். எங்களோடு பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தது தெரிந்தது. அத்தை அவருடைய வலது பக்கம், அவருக்குத் தெரியாத பக்கம், கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எதிர்ல அந்த போர்டுல என்ன போட்டிருக்கு?” என்றாள்.

“ஏன், உனக்குப் படிக்கத் தெரியாதா?”

“கண்ணாடி கொண்டுவரலை.”

கண்ணாடி அவள் தலைமேல்தான் இருந்தது.

மாமா எரிச்சலோடு படித்தார். போட்டிச் சோபாக் கடையின் விளம்பரம். பெரிய எழுத்து, விலை, முகவரி எல்லாவற்றையும் தாண்டி, அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்த வரிக்கு வந்தார். கண்ணைச் சுருக்கக்கூட இல்லை.

“‘நிபந்தனைகளுக்கு உடைபட்டது.’ எழுதறான் பாரு! உட்பட்டதுன்னு எழுதத் தெரியலை. அவன் சோபாவும் அப்படித்தான் இருக்கும்.”

“சரி,” என்றாள் அத்தை. “அதுக்குப் பக்கத்து போர்டு?”